ஓட்டைக் குடத்துக்கும் ஓர் இடம்

1

போன மாதம் நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது, வழக்கம்போல என் அப்பாவின் பெயருக்கு. அப்பா சாந்தோமை விட்டுச் செங்கல்பட்டைத் தாண்டியவர் இல்லை. காலமாகியும் ஒன்பது வருடமாகிறது. ஆனால் இந்த ஊர்ப் பதிவேட்டில் அவர்தான் குடும்பத் தலைவர். ஐந்து வருடங்களுக்கு முன்னால் வந்து இறங்கிய வாரத்தில், படிவத்தில் குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில் சூசை என்று எழுதித் தொலைத்தேன். எஸ். ஆரோக்கியராஜ் என்பதில் உள்ள எஸ்ஸுக்கு விளக்கம் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து பல் மருத்துவர், நூலகம், மின்சாரக் கம்பெனி எல்லாருமே மிஸ்டர் சூசையைத்தான் கூப்பிடுகிறார்கள். திருத்தச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் 'அன்புள்ள மிஸ்டர் சூசை, தங்கள் கடிதம் கிடைத்தது' என்று பதில் வந்தது.

கடிதத்தில் இருந்த விஷயம் இதுதான். நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிப் பேட்டையை இடித்தும் ஒட்டுப்போட்டும் புதுப்பிக்கப் போகிறார்கள். எதை இடிப்பது, எதை விடுவது என்று குடியிருப்பவர்களோடு சேர்ந்தே திட்டமிட விரும்புகிறார்கள். சனிக்கிழமை காலை சமூகக் கூடத்துக்கு வரவும், தேநீரும் பிஸ்கட்டும் உண்டு.

இது இங்கிலாந்தின் வடக்கே ஒரு நடுத்தர ஊர். டெஸ்ட் மேட்ச் நடக்காத ஊர் என்பதால் மயிலாப்பூரில் யாருக்கும் இதன் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. என் மனைவி ஸ்டெல்லா இங்கே அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவள் வேலைதான் எங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. நான் சமையலறை அலமாரி செய்கிற ஒரு கம்பெனியில் வரைபடம் போடுகிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்டெல்லா சிரித்தாள்.

"நம்மளக் கேட்டா இடிக்கப் போறாங்க?" என்றாள்.

கேட்பார்கள், கேட்டு நான் பார்த்திருக்கிறேன் என்றேன். சவுக்குத்தோப்பைச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கதையை அவள் ஏற்கெனவே நாலைந்து தடவை கேட்டிருந்ததால், துவைக்கிற துணியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டாள்.

2

எனக்கு இந்தக் கடிதம் பெரிய விஷயமாகப்பட்டதற்குக் காரணம் மிஸஸ் பிரிக்ஸ்.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் கடைசி வீடு அவருடையது. எழுபதைத் தாண்டியவர், தனியாள். ஸ்டெல்லாவுக்கு மாலை ஷிஃப்ட் விழும் நாட்களில் எங்கள் மகள் அமலா பள்ளி விட்டு வந்து அவர் வீட்டில்தான் இருப்பாள். நாலு வயதில் இங்கே வந்த குழந்தைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் பாதி, மிஸஸ் பிரிக்ஸ் பாதி. அதனால் அவளுடைய ஆங்கிலம் அசல் இந்த ஊர் ஆங்கிலம். எனக்கே பல வார்த்தைகள் பிடிபடுவதில்லை.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் அவள் பெயர் ஏமி. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். கடையில் நான் பேச வாயெடுத்தால் என் சட்டைக் கையை மெல்ல இழுத்துவிட்டுத் தானே பேசிவிடுகிறாள். அதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. ஒருமுறை நூலகத்திலிருந்து கிளம்பும்போது, நம் ஊர் வழக்கப்படி 'போய்ட்டு வரேன்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் திரும்பி வருவேன் என்று நம்பி நூலகத்து அம்மாள் என் புத்தகங்களை மேசையிலேயே எடுத்துவைத்துக்கொண்டு மூடும் நேரம்வரை காத்திருந்தாராம். மறுநாள் அமலாவிடம் சொல்லியிருக்கிறார். அவளுக்கு மானம் போய்விட்டது.

கடிதம் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மிஸஸ் பிரிக்ஸ் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஸ்டெல்லா வேலை செய்யும் மருத்துவமனையில்தான் கிடக்கிறார். நாங்கள் பார்க்கப் போனபோது ஜன்னலுக்கு வெளியே வைத்த தொட்டிச் செடிகளுக்கு யாராவது தண்ணீர் விடுகிறார்களா என்று கேட்டார். அமலா விடுகிறாள் என்றோம். நான் திரும்பி வரும்வரை அதைப் பார்த்துக்கொள், அந்த ஜன்னல் இல்லாமல் எனக்கு ஆகாது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

கடிதத்தோடு இருந்த சின்ன வரைபடத்தில் அந்த ஜன்னல் இருக்கும் இடத்தில் குப்பைத்தொட்டி அறை என்று போட்டிருந்தது.

3

சவுக்குத்தோப்பு, மந்தைவெளிக்கும் சாந்தோமுக்கும் நடுவே பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாக இருந்த குடிசைப் பகுதி. பெயரில்தான் சவுக்கு, பேருக்கு ஒரு மரம் கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கம். ஊருக்கு அப்போது மெட்ராஸ் என்று பெயர். இப்போது சென்னை என்று எழுதக் கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் தி. நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் இருந்த கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். முதலாளி வைத்தி சார், மயிலாப்பூர்க்காரர். பங்களாக்களுக்குப் பிளான் போட்டுப் பிழைத்தவர், எங்கள் பங்குக் கோயிலின் சேவைக் குழு போய்க் கேட்டதும் கூலி வாங்காமல் இந்த வேலையை எடுத்துக்கொண்டார். குடிசைகளைப் பிடுங்கி ஊருக்கு வெளியே கொண்டுபோய் நடுவதுதான் அதுவரை வழக்கம். இங்கே அப்படி இல்லை. அதே இடத்திலேயே ஓட்டு வீடுகள், குடிசை மாற்று வாரியம் கட்டித்தரும், ஆனால் யார் எங்கே, வாசல் எந்தப் பக்கம், குழாய் எங்கே என்பதைக் குடியிருப்பவர்கள் முடிவு செய்ய வேண்டும். கையெழுத்தும் அவர்கள் சங்கம்தான் போட வேண்டும். அப்படி ஒரு ஏற்பாட்டை நான் அதற்கு முன்னால் கேள்விப்பட்டதே இல்லை.

முதல் கூட்டத்துக்கு அழகாக ஒரு பிளான் வரைந்து எடுத்துப்போனேன். டிரேசிங் தாளில், இந்திய மையில், நாலு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு வீடு. மந்தைவெளி பஸ் டிப்போ வாசலில் இட்லிக் கடை வைத்திருந்த சரோஜா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. தண்ணீர் லாரி வரிசையில் யாருக்கு முன்னால் யார் என்ற வழக்குக்கெல்லாம் அவள்தான் நீதிபதி.

"இன்னா சார் இது? இதுல என் ஊடு எங்க கீது?" என்றாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தாளை மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒருவருக்கும் விளங்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. வந்திருந்த ஆண்கள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார்கள். வைத்தி சார் அந்தச் சரியை நம்பவில்லை.

அடுத்த வாரம் சரோஜாவே ஒரு வழி சொன்னாள். பக்கத்துப் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள், ஒரு வீட்டுக்கு ஒரு முழம். நாங்கள் குடத்தை வைத்துக் காட்டுகிறோம் என்றாள். லாரிக்கு வரிசை போடுகிறவர்களுக்கு அது தெரியாத வித்தையா? குடம் நின்றால் அங்கே ஆள் நிற்கிறது என்று அர்த்தம்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை நான் மறக்கவே மாட்டேன். பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பிளாஸ்டிக் குடங்கள் வந்து இறங்கின. பெண்கள் தங்கள் குடத்தைக் கொண்டுபோய் ஒரு கட்டத்தில் வைப்பார்கள், தள்ளி நின்று பார்ப்பார்கள், முகம் சுளிப்பார்கள், எடுத்து வேறு கட்டத்தில் வைப்பார்கள். அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் வந்தார்கள். சண்டைக்காரர்கள் ஒரு வரிசை விட்டு உட்கார்ந்தார்கள். இருமல்காரர் ஒருவருக்குக் கால்வாயை விட்டுத் தள்ளி இடம் விட்டார்கள். நான் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்ததை அவர்கள் முக்கால் மணி நேரத்தில் கலைத்து, அதைவிட நல்லதாக அடுக்கினார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

வைத்தி சார் என்னிடம் சொன்ன ஒரே கட்டளை: "லிஸ்ட்டைப் பாத்துண்டு வரையாதே ஆரோக்யம். தரையைப் பாத்துண்டு வரை."

லிஸ்ட் என்றால் வாரியத்தின் கணக்கெடுப்பு. நாற்பத்தெட்டு வீடு என்று அதில் இருந்தது. பூட்டிக் கிடந்த குடிசைகளைக் கணக்கெடுத்தவர்கள் விட்டிருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். அதைச் சரிபார்க்கத்தான் இந்தக் குடமே.

நான் அளவு நாடாவும் நோட்டுமாக ஒவ்வொரு வரிசையாக வந்தேன். நாலாவது வரிசையில் ஏழாவது குடத்துக்கும் எட்டாவதுக்கும் இடையே, கோட்டின் மேலேயே ஒரு பழைய சிவப்புக் குடம் கிடந்தது. விளிம்பு உடைந்து, அடியில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. கழுத்தில் ஒரு பச்சை நாடா. யாரோ குப்பையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று எடுத்தேன், மைதானத்து மூலையில் வீசினேன், கையைத் தட்டிக்கொண்டேன். அந்த வரிசை சுத்தமாகப் பன்னிரண்டு ஆகிவிட்டது. நாலு பன்னிரண்டு நாற்பத்தெட்டு. லிஸ்ட்டும் தரையும் ஒத்துப்போனதில் எனக்குப் பரம திருப்தி.

நான் நோட்டை மூடுவதற்கும் தெருமுனையில் "லாரி வந்துட்ச்சி" என்று ஒரு குரல் எழுவதற்கும் சரியாக இருந்தது. அரை நிமிடத்தில் சவுக்குத்தோப்பின் எதிர்காலம் முழுவதும் அவரவர் இடுப்பில் ஏறி ஓடிப்போனது. வெறும் சுண்ணாம்புக் கோட்டில் நானும் வைத்தி சாரும் நின்றோம். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

எங்கள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் எங்கள் வீட்டில் கிணறு இருந்தது, மோட்டார் இருந்தது. நான் ஒரு நாள்கூடக் குடம் வைத்து வரிசையில் நின்றதில்லை.

5

இரண்டு மாதத்தில் வாரியத்தின் ஒப்புதல் வந்தது. அது எத்தனை அதிசயமான வேகம் என்பது அங்கே கோப்புகளோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். சங்கம் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அதே மைதானத்தில் கூடினோம். வாரியத்தின் இளம் பொறியாளர் ஒருவர் வந்திருந்தார். நான் பெருமையோடு வரிசை வரிசையாகப் பெயர்களைப் படித்தேன். படித்து முடித்ததும் சரோஜா எழுந்தாள்.

"தேவகி ஊடு எங்க சார்?"

தேவகி என்ற பெயரே எனக்குத் தெரியாது. விசாரித்ததில் தெரியவந்தது. புருஷன் இறந்துபோய், இரண்டு பெண் குழந்தைகளோடு ஆதம்பாக்கத்தில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறாள். வேலை நடக்கிற இடத்திலேயே கொட்டகையில் தங்கல். மாதம் ஒரு தடவை வந்து குடிசையைத் திறந்து கூட்டிவிட்டுப் போவாள். கணக்கெடுக்க வந்த அன்று குடிசை பூட்டியிருந்தது.

"நான்தான் சார் அவளுக்கு வெச்சேன். செவப்புக் கொடம். பச்ச நாடா கட்டினது" என்றாள் சரோஜா.

யாரும் என்னைப் பார்க்கவில்லை, யாருக்கும் தெரியாது. கணக்கெடுப்பின் தப்பு என்று எல்லாரும் வாரியத்தின் பக்கம்தான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த இளம் பொறியாளர் பாவம், தான் எடுக்காத கணக்குக்குப் பதில் சொல்லத் திணறினார். ஒரு நிமிடம் நானும் பேசாமல்தான் இருந்தேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பிறகு எழுந்து, அந்தக் குடத்தை எடுத்து வீசியது நான்தான், ஓட்டையாக இருந்ததால் குப்பை என்று நினைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

சரோஜா கோபப்படவில்லை. புரியாத ஒரு பிராணியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"ஓட்ட கொடம்னா ஆள் இல்லன்னு நெனச்சிக்கினியா சார்? ஆள் ஊர்ல இல்லாததுக்குத்தானே சார் ஓட்ட கொடம் வெக்கிறோம். நல்ல கொடத்த வெச்சா ஊட்ல எதுல தண்ணி புடிக்கறது?" என்றாள். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "அங்க ஆள் கீது சார். இப்ப இங்க இல்ல, அவ்ளோதான்."

வரிசைகளில் அதுதான் சட்டம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஊருக்குப் போனவர்கள், பிரசவத்துக்குப் போனவர்கள், ஜுரத்தில் படுத்தவர்கள் எல்லாருக்கும் பக்கத்து வீட்டுக்காரி ஓர் ஓட்டைக் குடமோ உடைந்த வாளியோ வைப்பாள். லாரி வந்ததும் அந்த இடத்தில் தன் இரண்டாவது குடத்தைப் பிடித்து அவர்கள் வாசலில் இறக்கிவிடுவாள். எவ்வளவு சண்டை நடந்தாலும் அந்த ஓட்டைக் குடத்தை ஒருவரும் நகர்த்த மாட்டார்கள். மெட்ராஸில் பிறந்து முப்பது வருடம் வளர்ந்த நான்தான் நகர்த்தினேன்.

6

தப்பை ஒப்புக்கொண்டால் மட்டும் வீடு வந்துவிடாதே. பொறியாளர் நிலைமையை விளக்கினார். பின்னால் கால்வாய்க் கரை, ஓர் அங்குலம் போக முடியாது. முன்னால் தீயணைப்பு வண்டி வருகிற வழி, அதிலும் கை வைக்க முடியாது. கட்டடத்தின் வெளி அளவு மாறினால் கோப்பு மறுபடி மேலே போகும். இந்த வருடத்து ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். அடுத்த வருடம் வருமா என்று அவரால் சொல்ல முடியாது. நாற்பத்தெட்டு வீட்டுக்குக் கையெழுத்துப் போடுங்கள், அந்த அம்மாவுக்கு வேறு திட்டத்தில் பார்க்கலாம் என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

ஒரு பக்கம் நாற்பத்தெட்டு குடும்பம், இன்னொரு பக்கம் அங்கே இல்லாத ஒருத்தி. நானாக இருந்தால் பேனாவைத் திறந்திருப்பேன். சங்கத்தில் ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

சரோஜா யாரையோ அனுப்பிக் குடங்களைக் கொண்டுவரச் சொன்னாள். நாலாவது வரிசையின் பன்னிரண்டு குடமும் வந்தன. சுண்ணாம்பு அழிந்துபோயிருந்தது, இரண்டு முனையிலும் செங்கல் வைத்து அந்த நீளத்துக்குள் அடுக்கினார்கள். மைதானத்து மூலையில் நான் வீசிய சிவப்புக் குடம் அங்கேயே கிடந்தது. நானே போய் எடுத்துவந்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நவுருங்கம்மா, கொஞ்சம் கொஞ்சம்" என்றாள் சரோஜா. லாரி வரிசையில் நடுவே ஒருத்திக்கு இடம்விடுகிறபோது சொல்கிற அதே குரல். பெண்கள் குனிந்து அவரவர் குடத்தை இரண்டு விரல், மூன்று விரல் நெருக்கினார்கள்.

மாணிக்கம் என்ற ஆட்டோக்காரர் மட்டும் தன் குடத்துக்கு முன்னால் காலை ஊன்றிக்கொண்டார். புது வீட்டின் அளவுக்கு ஏற்கெனவே கட்டில் வாங்கிவிட்டவர். "பத்தடின்னு சொல்லித்தான் வாங்கினேன். இப்போ கொறச்சா கட்டில எங்க போடறது, தலமேலயா?" என்றார். நியாயமான கேள்விதான். சிலர் அவர் பக்கம் முணுமுணுக்கவும் தொடங்கினார்கள். பத்தடி அகல வீட்டில் அரை அடி என்பதே பெரிய விஷயம்.

சரோஜா குரலை உயர்த்தவில்லை. "போன ஆடில ஒம் பொண்டாட்டி கஸ்தூர்பா ஆஸ்பத்திரில கெடந்தாளே நைனா. பதினோரு நாளு. ஒங்க ஊட்டு கொடம் வரிசைல நின்னுதா இல்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

மாணிக்கம் குனிந்து தன் குடத்தைப் பார்த்தார். பிறகு காலாலேயே அதை மெல்லத் தள்ளினார். "சரி, நீட்டுவாக்குல போட்டுக்கறேன் கட்டில" என்றார். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் இடையே இடம் விழுந்தது. நான் கையில் இருந்ததை அங்கே வைத்தேன்.

பொறியாளர்தான் முதலில் கண்டுபிடித்தார். வைத்தி சாரின் தோளைத் தொட்டு அந்தச் செங்கற்களைக் காட்டினார். இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. வெளி அளவு மாறவில்லை, கூரை மாறவில்லை, உள்ளே சுவர்கள் மட்டும்தான் நகர்ந்திருக்கின்றன. உள் அளவுத் திருத்தத்துக்குத் தன் மட்டத்திலேயே கையெழுத்துப் போட அதிகாரம் உண்டு என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நூற்றிருபது அடி வரிசை. ஆளுக்கு முக்கால் அடி விட்டுக்கொடுத்தால் ஒன்பதடியில் ஒரு வீடு கிடைக்கும். தேவகியின் வீட்டுக்கு மற்றவர்களைவிட மூன்று அங்குலம் குறையும். அதைச் சரிசெய்ய ஆளுக்குக் கால் அங்குலம் குறைக்கலாம், ஆனால் கொத்தனார் கைக்கு அந்தக் கணக்கு அடங்காது என்றேன். கட்டிலுக்காகக் காலை ஊன்றியதற்கு மாணிக்கம் போயும் போயும் அந்தப் பொறியாளரிடம் மன்னிப்புக் கேட்டது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மனுஷனுக்கு ஏதோ தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு தேவகி வந்தாள். சிமெண்ட் படிந்த கையில் இரண்டு குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு மைதானத்தில் நின்றாள். நடந்ததையெல்லாம் சரோஜா சொன்னாள், நான் குடத்தை வீசியதை உட்பட. நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றேன். அவள் என்னிடம், "ஜன்னல் எந்தப் பக்கம் வரும் சார்?" என்றாள். கிழக்கே என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றாள்.

நான் விமானம் ஏறும்போது சுவர் எழும்பியிருந்தது. மறு வருடம் வைத்தி சார் ஒரு புகைப்படம் அனுப்பினார். நாலாவது வரிசையில் பதின்மூன்று கதவுகள். இங்கே எங்கள் வரவேற்பறையில் சேசுவின் படத்துக்குக் கீழே அதைத்தான் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் ஏதோ ரயில் பெட்டி என்று நினைக்கிறார்கள்.

7

சனிக்கிழமை ஸ்டெல்லாவுக்கு வேலை. என் ஆங்கிலத்துக்குத் துணையாக அமலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவள் கையில் ஒரு கதைப் புத்தகம், நடந்துகொண்டே படித்தாள். நான் இரண்டு முறை கேட்கிறாயா என்றேன். இரண்டு முறையும் ம்ம் என்றாள்.

கூடம் நிறைய ஆட்கள். நடுவில் பெரிய மேசையில் எங்கள் பேட்டையின் மாதிரி, அட்டையில் செய்தது. கட்டடங்கள் தீப்பெட்டி அளவில் அழகாக இருந்தன. நகரசபைத் திட்டக்காரர் கிரஹாம் என்ற இளைஞர். முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒவ்வொருவரையும் விசாரித்தார், நாற்காலி போட்டார், தேநீர் ஊற்றினார். வீட்டுக்கு ஒரு நீலப் பொட்டு. இந்த வீட்டிலேயே இருக்க விரும்புகிறவர்கள் அதைத் தங்கள் வீட்டின் மேல் ஒட்ட வேண்டும். பொட்டு இல்லாத வீட்டுக்காரர்களுக்கு மாறிப்போக ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அரசாங்கம் ஒன்று இப்படி மேசை போட்டுக் கேட்பதை நான் மெச்சத்தான் செய்கிறேன். நான் எங்கள் பொட்டை ஒட்டினேன். பிறகு மிஸஸ் பிரிக்ஸுக்கு இன்னொன்று கேட்டேன்.

கிரஹாம் தன்மையாக மறுத்தார். நேரில் வந்தவர்களுக்குத்தான் பொட்டு. வராதவர்களுக்குத் தபாலில் படிவம் போயிருக்கிறது என்றார். அந்தப் படிவம் மிஸஸ் பிரிக்ஸின் பூட்டிய கதவுக்குப் பின்னால் தரையில் கிடப்பதையும், கெடு திங்களோடு முடிவதையும் நான் எடுத்துச் சொல்லப் பார்த்தேன். அவசரத்தில் என் ஆங்கிலம் காலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. அமலா சட்டைக் கையை இழுத்தாள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் நகர்ந்துவிட்டேன்.

ஆனால் போக மனம் வரவில்லை. கையில் நான் குடித்து முடித்த காகிதக் கோப்பை இருந்தது. விளிம்பைப் பல்லால் கடித்து நாசமாக்கியிருந்தேன். அது என் கெட்ட பழக்கம். யாரும் பார்க்காத நேரத்தில் தரைத்தளத்துக் கடைசி வீட்டின்மேல் அதை வைத்தேன். நாற்பதை நெருங்கும் மனிதன் செய்கிற காரியமா என்று எனக்கே தோன்றியது. அமலா பார்த்துவிட்டாள். புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்தது. கிரஹாம் மேசையைச் சுற்றிவந்து சுத்தம் செய்தார். பிஸ்கட் தாள், தேய்ந்த பென்சில், கசங்கிய காகிதம். எங்கள் கட்டடத்தருகே வந்தார். கடிபட்ட கோப்பையை எடுத்தார், குப்பைக் கூடையில் போட்டார், கையைத் தட்டிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. எப்படி வரும்? அவர் கையைத் தட்டிக்கொண்ட விதம்கூட எனக்குத் தெரியும். சரோஜாவாக இருந்தால் என்ன சொல்வாள் என்று யோசித்து, அதற்கு ஆங்கிலம் தேடிக்கொண்டு நின்றேன். என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அமலா குப்பைக் கூடைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். கோப்பையை எடுத்தாள், உதறினாள், மேசைக்குப் போய்ப் பழைய இடத்திலேயே வைத்தாள். கிரஹாம் சிரித்துக்கொண்டே குனிந்து, இது யாருடையது என்று கேட்டார்.

என் மகள் அவரை நிமிர்ந்து பார்த்து, மிஸஸ் பிரிக்ஸிடம் கற்ற இந்த ஊர் ஆங்கிலத்தில், கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன்:

"அங்க ஆள் இருக்காங்க. இப்ப இங்க இல்ல, அவ்வளவுதான்."

கிரஹாம் கோப்பையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அந்த வீட்டுக்காரர் பெயர் என்ன என்று அவளிடம் கேட்டார்.